கையெழுத்து போடுறவர் கையப் பிடிக்கலாமா?

இந்த மாசம் வந்த தபாலையும் மெயிலையும் பிரிச்சு அடுக்கும்போது பாத்தா ஆறு கடுதாசி ஒரே விஷயத்தப் பத்தி. ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவங்க, ஒருத்தி கங்கைகொண்டான் பக்கம் வேல, ஒருத்தர் பாளையங்கோட்டை, ஒரு பொண்ணு டவுன்ல கடை. ஆபீஸ்ல மேல இருக்கவரு, கீழ இருக்கவங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு புரமோஷன். அதனால மாமியார் மருமக கேள்வி, வரன் கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சிட்டு இத மட்டும் பேசுதேன். நான் 28 வருஷம் ஒரு தனியார் கம்பெனில பெர்சனல் செக்‌ஷன்ல இருந்தவ, லீவு பைல், இன்கிரிமென்ட் பைல், புரமோஷன் பைல் எல்லாம் என் கை வழியாத்தான் போகும், ரிட்டயர் ஆன பெறகு ரெண்டு எடத்துல உள்ளகப் புகார் குழுவுல, அதான் வேல பாக்க எடத்துல பொம்பளைங்களுக்கு நடக்க பாலியல் தொந்தரவ விசாரிக்க குழுவுல, வெளி மெம்பரா உக்காந்திருக்கேன். இந்த விஷயத்துல எனக்குக் கோவமும் உண்டு, வருத்தமும் உண்டு, ரெண்டையும் மறைக்காமத்தான் எழுதுதேன். எழுதுனவங்க விவரத்த கொஞ்சம் மாத்தியிருக்கேன், யாரு யாருன்னு தேடாதிய.

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயசு. வண்ணார்பேட்டையில ஒரு நகைக்கடன் கம்பெனில ஆறு வருஷமா வேல பாக்கேன். உரைகல்லுல தங்கம் உரசிப் பாக்கதுல இருந்து ஏல நோட்டீஸ் அனுப்புறது வரைக்கும் எல்லாம் அத்துப்படி. ரெண்டு வருஷம் முன்னால வந்த பொண்ணுக்கு நாந்தான் வேல சொல்லிக் கொடுத்தேன். இப்ப அவ அசிஸ்டன்ட் மேனேஜர், நான் அவளுக்குக் கீழ. ஏரியா மேனேஜருக்கும் அவளுக்கும் தொடர்புன்னு பிராஞ்சே பேசுது, குத்தாலத்துல ரெண்டு பேரையும் பாத்ததா ஒருத்தர் சொன்னாரு. அவ மொகத்தப் பாத்தாலே வயிறு எரியுது. நான் என்ன செய்ய?
(பேர் வேண்டாம், வண்ணார்பேட்டை)

பதில்: வயிறு எரியத்தான் செய்யும் தாயி. ஆறு வருஷம் அந்த கவுன்டருக்குப் பின்னால நின்னவளுக்கு எரியாம யாருக்கு எரியும். ஆனா ஒண்ணு கேக்கேன், அந்த எரிச்சல் ஏன் அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்தா மட்டும் வருது, ஏரியா மேனேஜர் மொகத்தப் பாத்தா வரலையா? லிஸ்ட்ல பேர எழுதுனது அவ இல்லையே. நீங்க சொல்றதெல்லாம் நெசம்னே வச்சுக்கிட்டாலும் உங்க பேர அடிச்சிட்டு அவ பேர எழுதுன பேனா அவரு சட்டைப் பாக்கெட்டுல இருக்கு. கம்பெனி அவர நம்பித்தான் அந்தப் பேனாவக் கொடுத்திருக்கு. ஊர் எப்பவும் பொம்பளையத்தான் பேசும், அந்த ஆள "அவரு அப்டித்தான்"னு ஒரு வார்த்தையில விட்டுரும், நம்மளும் அதே பழக்கத்துல போயிருதோம்.

ரெண்டாவது, உங்களுக்கு நேரா தெரிஞ்சது என்னன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. அவளுக்குக் கெடைச்சுது, உங்களுக்குக் கெடைக்கல, அவ்வளவுதான். குத்தாலம்லாம் கேட்ட கதை. 1996ல எங்க ஆபீஸ்ல ஒரு அம்மா செக்‌ஷன் இன்சார்ஜ் ஆனா. மேனேஜருக்கும் அவளுக்கும் அப்படி இப்படின்னு டீ நேரத்துல பேசாத ஆள் கிடையாது, நான் பேசல, ஆனா மறுத்தும் ஒரு வார்த்த சொல்லல, தலையாட்டிக்கிட்டு டீயக் குடிச்சேன். ரெண்டு வருஷத்துல அவ வேலைய விட்டுட்டுப் போயிட்டா. அதுக்கும் ரொம்ப நாள் கழிச்சு பழைய பைல் கழிக்கும்போது அந்த வருஷத்து மார்க் ஷீட் கையில வந்துச்சு, மூணு வருஷமும் அவதான் முதல். அதவிட நெஞ்சுல குத்துனது என்னன்னா, நாங்க அவளோட சேத்துப் பேசுன அந்த மேனேஜர் வேற ஒருத்தருக்குத்தான் பரிந்துரை எழுதியிருந்தாரு, அவரயும் தாண்டி மேல இருந்துதான் அவளுக்குக் கெடைச்சிருக்கு. அவ எந்த ஊர்ல இருக்கான்னு கூட எனக்குத் தெரியாது இப்போ, தெரிஞ்சா போய்க் கையப் பிடிச்சு மன்னிப்பு கேப்பேன். அதுக்காக உங்க பிராஞ்ச்ல நடந்ததும் அப்படித்தான்னு நான் சொல்லல. கதைய வச்சு சண்டைக்குப் போனா தோத்துருவிய, கணக்க வச்சுப் போங்கன்னு சொல்லுதேன்.

ஹெட் ஆபீஸ் ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்க. அதுல தொடர்பு, குத்தாலம், ஒரு வார்த்த வேண்டாம். எந்த அளவுகோல வச்சு எடுத்தாவ, அப்ரைசல் மார்க் என்ன, டார்கெட் எவ்வளவு, ஓவர்டியூ வசூல் யாருக்கு எவ்வளவு, பரிந்துரை யார் எழுதுனா, அத ரெண்டாவது ஆள் யாராவது சரி பாத்தாவளா, எனக்கு எதுல கொறைன்னு சொல்லுங்க, திருத்திக்கிடுதேன், இது மட்டும். இதுக்குப் பதில் சொல்ல முடியாத லிஸ்ட்டா இருந்தா அங்கதான் கோளாறு இருக்குன்னு மேல இருக்கவங்களுக்கே தெரியும். பெரிய கம்பெனில நடத்தை விதின்னு ஒரு புத்தகம் இருக்கும், தனக்கு வேண்டப்பட்டவங்க விஷயத்துல முடிவெடுக்கக் கூடாதுன்னு அதுல நெறைய எடத்துல இருக்கும், எடுத்துப் படிங்க. 2013ல வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்துல இதப் புகாராக் கொடுக்கலாமான்னு அடியில ஒரு வரி கேட்டிருந்திய, அது தொந்தரவுக்கு ஆளான பொண்ணுக்கான சட்டம், உங்க புரமோஷன் வழக்குக்கு அது வாசல் இல்ல. இன்னொண்ணு, தயவு செஞ்சு ஸ்டாப் வாட்ஸாப் குரூப்ல எதையும் போட்டுராதிய. ஒருவேள அந்தப் பொண்ணே வெளிய வர முடியாம மாட்டிக்கிட்டு இருக்காளோ என்னமோ, அடுத்த கடுதாசியப் படிங்க, நான் ஏன் சொல்லுதேன்னு புரியும்.

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயசு, அம்பாசமுத்திரம் பக்கம் ஊரு, கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனில வேல, பாளையங்கோட்டையில ஹாஸ்டல்ல இருக்கேன். என் மேனேஜருக்கு 44 வயசு, கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளைங்க. ஒண்ணேகால் வருஷமா அவரோட பழகுதேன். ஆரம்பத்துல அவர் என்ட்ட நல்லாப் பேசுனாரு, ஏப்ரல்ல உனக்கு சீனியர் போஸ்ட் வாங்கித் தாரேன்னாரு, அதுவும் ஒரு காரணம், மறைக்கல. அப்புறம் நெசமாவே அவர் மேல பிரியம் வந்துட்டு. ஏப்ரல் போயிட்டு, லிஸ்ட்ல என் பேர் இல்ல, அடுத்த வருஷம்னு சொல்லுதாரு. இப்ப நான் போன் எடுக்கலைன்னா மறுநாள் ஷிப்ட் மாறிருது. வீட்டுல அப்பாவுக்கு பீடிக் கம்பெனில கணக்கு வேல, அம்மா பீடி சுத்துதா, என் சம்பளத்துலதான் தம்பி படிக்கான். நான் தப்பானவளாக்கா?
(பேர் போடாதீங்க)

பதில்: மக்ளே, இந்தக் கடுதாசிய நான் மூணு தடவ படிச்சேன். "அதுவும் ஒரு காரணம், மறைக்கல"ன்னு எழுதியிருக்க பாரு, அப்படி எழுத ஒரு நேர்மை வேணும், அது உன்ட்ட இருக்கு. தப்பானவன்னு ஒருத்திய மொத்தமா முத்திரை குத்துற சோலி எனக்கு வேண்டாம். ஆனா நடந்ததுல தப்பு இருக்கு, அதப் பிரிச்சுச் சொல்லுதேன், கோவப்படாமக் கேளு.

உன் பங்குல இருக்கது ஒண்ணு. ஏப்ரல்ல உன் பேர் வந்திருந்தா, அந்த எடத்துக்கு நியாயமா வர வேண்டிய ஒருத்தரு, அது ஒரு நாங்குநேரிக்காரனோ வள்ளியூர்க்காரியோ, அவங்க வீட்டுலயும் ஒரு தம்பி படிச்சுக்கிட்டு இருப்பான், அவங்க மேல வராமப் போயிருப்பாங்க. அந்த ஆள நீ பாத்திருக்க மாட்ட. மேல சொன்ன வண்ணார்பேட்டை அக்கா மாதிரி ஒருத்தி ராத்திரி தூங்காமக் கெடந்திருப்பா. அப்புறம் அவரு வீட்டுக்காரி, அந்தப் பிள்ளைங்க. இது உனக்கே தெரியும், நான் நீட்டல.

ஆனா நீ எழுதுன கடுதாசியில எனக்கு நெஞ்சு தட்டுன எடம் வேற. "போன் எடுக்கலைன்னா மறுநாள் ஷிப்ட் மாறிருது." இத நீ போற போக்குல எழுதிட்ட. மக்ளே, அது பிரியம் இல்ல. ஒருத்தர்ட்ட சரின்னு சொல்றதுக்கு அர்த்தம் இருக்கணும்னா அதே வாயால இல்லன்னும் சொல்ல முடியணும், சொன்னா மறுநாள் நீ எப்பவும் போல உன் ஷிப்டுல நிக்க முடியணும். உன்னால அது முடியல. ஆரம்பத்துல நீ சம்மதிச்சதே கூட, சம்பளம் போடுற கை ஒரு பக்கம், தம்பி பீஸ் ஒரு பக்கம்னு ரெண்டுக்கும் நடுவுல நின்னு சம்மதிச்சது. 26 வயசு ஹாஸ்டல் பொண்ணுக்கும் 44 வயசு மேனேஜருக்கும் இதுல ஒரே அளவு பொறுப்புன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கிட மாட்டேன், அவரு தெரிஞ்சேதான் அந்தப் புரமோஷன எடுத்து முன்னால வச்சாரு.

சட்டம் என்ன சொல்லுதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும். 2013 சட்டத்துல, வேலையில உனக்குச் சலுகை தாரேன்னு வெளிப்படையாவோ ஜாடையாவோ சொல்றதும், இல்லன்னா வேலையில தொந்தரவு பண்ணுவேன்னு காட்டுறதும், வேண்டாத பாலியல் நடத்தையோட சேந்து வந்தா துன்புறுத்தல்னே எழுதியிருக்கு. 10 பேரோ அதுக்கு மேலயோ வேல பாக்க எந்த எடத்துலயும் உள்ளகப் புகார் குழு இருக்கணும், அதுல பாதிக்குப் பாதியாவது பொம்பளைங்க, தலைவியா மூத்த பொம்பள ஒருத்தர், வெளியில இருந்து ஒரு மெம்பர். கடைசியா நடந்த சம்பவத்துல இருந்து 3 மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும், தக்க காரணம் இருந்தா இன்னொரு 3 மாசம் நீட்டிக் கொடுப்பாவ. விசாரணைய 90 நாளுல முடிக்கணும். விசாரணை நடக்கும்போது உன்ன வேற எடத்துக்கு மாத்தச் சொல்லியோ, லீவு வேணும்னோ நீ எழுதிக் கேக்கலாம், 3 மாசம் வரைக்கும் லீவு தர வழி இருக்கு, அது உன் கணக்கு லீவுல கழியாது. நிரூபிக்க முடியாமப் போனா உன் மேல பொய்ப் புகார்னு பாஞ்சிருவாவளோன்னு பயப்படாத, சாட்சி பத்தலைங்கதுக்காக மட்டும் தண்டிக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. பேர வெளிய விடக் கூடாதுன்னும் இருக்கு.

இன்னொண்ணும் இருக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா 2024 ஜூலை 1ல இருந்து வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 69வது பிரிவு, ஏமாத்தி ஒரு பொண்ணோட உறவு வச்சுக்கிட்டா 10 வருஷம் வரைக்கும் ஜெயில், ஏமாத்துறதுன்னா என்னன்னு சொல்லும்போது வேலை, பதவி உயர்வுன்னு ஆசை காட்டுறதயும் பொய் வாக்கு கொடுக்கதயும் பேர் சொல்லியே சேத்திருக்காவ. உன் விஷயம் அதுக்குள்ள வருமா வராதான்னு வக்கீல்தான் பாத்துச் சொல்லணும், நீ இப்பவே ஸ்டேஷனுக்குப் போன்னு நான் தள்ளல. வக்கீலுக்குத் துட்டு வேணுமேன்னு யோசிக்காத, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்குப் போன் பண்ணு, இல்ல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல நேராப் போய்க் கேளு. ராத்திரியில மனசு ஒரு மாதிரி ஆனா பொம்பளைங்களுக்கான உதவி எண் 181 இருக்கு. கல்யாணம் ஆனவரோட பழகுனதுக்காக என்னப் பிடிச்சு உள்ள போட்டுருவாவளான்னும் கேட்டிருந்த, கள்ள உறவுங்கதுக்காகப் போடுற பழைய 497வது பிரிவ உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர்லயே தூக்கிட்டு. அதுல முன்னாலயும் பொம்பளைக்குத் தண்டனை கெடையாது. அவரு வீட்டுக்காரி அதக் காட்டி விவாகரத்து கேக்கலாம், அது அவங்க உரிமை.

இப்ப செய்ய வேண்டியது. மெசேஜ், ஷிப்ட் மாத்துன சார்ட், ஏப்ரல் பத்திச் சொன்ன வாய்ஸ் எதையும் அழிக்காத, வேற ஒரு மெயில்ல போட்டு வை, கம்பெனி போன்ல மட்டும் வைக்காத. டீம் மாறணும்னு ஹெச்.ஆர்ட்ட எழுத்துல கேளு. வீட்டுல அம்மாட்ட எல்லாம் சொல்லணும்னு இல்ல, ஆனா ஒரு மனுஷியாவது, ஒரு சித்தியோ மதினியோ, உனக்கு நடந்தது தெரிஞ்சவளா இருக்கணும், ஒத்தையில இதச் சொமக்காத. அவர்ட்ட போய், எனக்கு உங்க மூலமா எந்த போஸ்டும் வேண்டாம், நான் டீம் மாறுதேன்னு ஒரே ஒரு தடவ சொல்லிப் பாரு. அதுக்கு அவரு என்ன பண்ணுதாருங்கதுல உனக்கு எல்லாம் தெரிஞ்சிரும். எனக்குத் திரும்ப எழுது, பத்திரிகையில போட மாட்டேன்.

கேள்வி: அம்மா, வயசு 45. மனைவி தவறி நாலு வருஷம் ஆச்சு. பாளையங்கோட்டையில ஒரு தனியார் நிறுவனத்துல துறைத் தலைவரா இருக்கேன். என் கீழ வேல பாக்க ஒரு பெண்ணும் நானும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம், அவங்களும் விவாகரத்து ஆனவங்க, ரெண்டு வீட்டுலயும் தெரியும். பிரச்சனை என்னன்னா சூப்பர்வைசர் போஸ்டுக்கு இந்த வருஷம் நாலு பேர் தகுதி, அதுல அவங்களும் ஒருத்தர், உண்மையிலயே திறமையானவங்க. பரிந்துரை நான்தான் எழுதணும். எழுதுனா தப்பா, எழுதாம விட்டா அவங்களுக்கு நான் பண்ற துரோகமா?
(பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: அண்ணாச்சி, கல்யாணத்துக்கு முதல்ல என் வாழ்த்து. ரெண்டு பேரும் தனி ஆள், வீட்டுக்குத் தெரியும், யாருக்கும் துரோகம் இல்ல. ஆபீஸ்ல பழகிக் கல்யாணம் பண்ணுனவங்க நம்மூர்ல எத்தன குடும்பம்.

ஆனா பரிந்துரைய நீங்க எழுதக் கூடாது. நல்லாவும் எழுதக் கூடாது, கெட்டதாவும் எழுதக் கூடாது, அந்தப் பைலத் தொடவே கூடாது. அவங்க நாலு பேருலயும் நல்லவங்கன்னே இருக்கட்டும், நீங்க எழுதுனா மத்த மூணு பேருக்கும் சாகுற வரைக்கும் சந்தேகம், அவங்களுக்கும் தன் திறமையில கெடைச்சுதுன்னு தல நிமிந்து சொல்ல முடியாது. லிஸ்ட் பேச்சு எடுக்க முன்னாலயே மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு கடுதாசி கொடுங்க, இப்படி எங்களுக்குள்ள கல்யாணம் முடிவாகியிருக்கு, இவங்க அப்ரைசல், லீவு, இன்கிரிமென்ட், புரமோஷன் எதுலயும் எனக்குக் கை இருக்கக் கூடாது, வேற ஆளப் போடுங்கன்னு. கொடுத்ததுக்கு நகல்ல சீல் வாங்கி வைங்க.

வாயால சொல்லிட்டா மட்டும் போதாது, கையயும் எடுக்கணும். உலக வங்கித் தலைவரா 2005ல வந்த பால் உல்போவிட்ஸ் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவரோட பழகுன பொண்ணு அங்கேயே ஏற்கெனவே வேல பாத்தவங்க, அத அவரு மறைக்கல, அறநெறிக் குழுவுக்குச் சொன்னாரு, அவங்களயும் வெளிய அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு மாத்தி விட்டாவ. அதோட ஒதுங்கியிருந்தா ஒண்ணும் இல்ல. அவங்களுக்கு எவ்வளவு சம்பள உயர்வு, அடுத்து என்ன பதவின்னு அவரே உத்தரவு போட்டாரு, 2007ல பதவிய விட்டுப் போக வேண்டியதாயிட்டு. சொல்லாம மறைச்சவங்க கதையும் உண்டு, 2019ல மெக்டொனால்ட்ஸ் தலைமை நிர்வாகி, 2025 செப்டம்பர்ல நெஸ்லே தலைமை நிர்வாகி, ரெண்டு பேருக்கும் வேல போனது கீழ வேல பாத்தவங்களோட வச்ச உறவாலதான். அவ்வளவு பெரிய ஆளுங்களுக்கே அந்த விதின்னா பாளையங்கோட்டையில நமக்கு இல்லாமப் போகுமா.

ஒரு விஷயம் கெஞ்சிக் கேக்கேன். ஒரே துறையில ரெண்டு பேரும் இருக்கக் கூடாதுன்னு மேனேஜ்மென்ட் சொன்னா நீங்க மாறுங்க. நான் பாத்த பைல்ல எல்லாம் பொம்பளையத்தான் மாத்துனாவ, அதுவும் ஏதாவது மூலைக்கு, அவ சீனியாரிட்டி போயி, பழகுன வேல போயி, ஒரு தப்பும் பண்ணாம தண்டனை மாதிரி. அதிகாரம் உங்ககிட்ட இருந்துச்சு, அத எறக்கி வைக்க வேண்டியதும் நீங்கதான். அப்படிச் செஞ்சா அந்த நாலு பேருல யாருக்குக் கெடைச்சாலும் மத்தவங்க ஒங்க கல்யாணத்துக்கு வந்து சொதி சாப்பாடு சாப்பிட்டுட்டுப் போவாங்க.

கேள்வி: என் மனைவிக்கு வேலையில பதவி உயர்வு வந்தது. டீக்கடையில என் கூட்டாளிகளே "முதலாளிய நல்லாப் பாத்துக்கிட்டாளோ"ன்னு பேசுதானுவ. எனக்கும் சந்தேகம் வருது. அவள்ட்ட கேக்கலாமா? (பேட்டை வாசகர்)

பதில்: அவ என்னைக்கு வேலையில சேந்தா, எத்தன நாள் காய்ச்சலோட போனா, எத்தன ராத்திரி கணக்கு முடியலன்னு பஸ் இல்லாம ஜங்ஷன்ல இருந்து ஆட்டோவுல வந்தா, இது உங்களுக்குத் தெரியுமா அந்த டீக்கடைக்குத் தெரியுமா? உங்களுக்கு வேற ஏதாவது நேரா தெரிஞ்சிருந்தா அத எழுதியிருப்பிய, ஒண்ணும் எழுதல, டீக்கடைப் பேச்சு மட்டும்தான் எழுதியிருக்கிய. அதே கடையில ஒரு ஆம்பளைக்குப் பதவி கெடைச்சா யாரும் இப்படிப் பேச மாட்டானுவ. அவள்ட்ட கேக்கதா இருந்தா, புது வேல எப்படி இருக்கு, எதுவும் கஷ்டம் இருக்கான்னு கேளுங்க. அந்தக் கூட்டாளிட்ட, இன்னொரு தடவ என் பொண்டாட்டியப் பத்திப் பேசாதலேன்னு சொல்லுங்க.

கேள்வி: நான் அரசு அலுவலகத்துல வேல பாக்கேன். துட்டு வாங்குனாத்தான் லஞ்சம், மத்தது அவங்கவங்க சொந்த விஷயம்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் வாதம் பண்ணுதாரு. சரியா? (தச்சநல்லூர்)

பதில்: சரியே இல்ல. 1988 ஊழல் தடுப்புச் சட்டத்த 2018ல திருத்தும்போது, முறையில்லாத ஆதாயம்னா சம்பளம் தவிர்த்த எந்த ஆதாயமும்தான், அது துட்டாவோ துட்டுல மதிப்புப் போடக் கூடியதாவோ இருக்கணும்னு இல்லைன்னு விளக்கமாவே எழுதிட்டாவ. புரமோஷனோ டிரான்ஸ்பரோ போட்டுக் கொடுக்கதுக்காக ஒரு பொண்ண இணங்க வைக்கதும் அதுக்குள்ள வந்துரும். அவரு மேசைக்கு வர பைல் அவரு சொத்து இல்ல, ஜனங்களுக்காகக் கொடுத்த வேல. அந்த வாதத்த வாயால பேசுறவரு நாளைக்குக் கையால பண்ண ரொம்ப நேரம் ஆகாது, ஆபீஸ்ல புள்ளைங்க இருந்தா கொஞ்சம் கவனமா இருக்கச் சொல்லுங்க.

கேள்வி: அக்கா, நான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன், டவுன்ல ஒரு ஜவுளிக்கடையில சேல்ஸ். மொத்தம் ஏழு பேர்தான். எங்க கடையில புரமோஷன்னு ஒண்ணும் கெடையாது, கல்லாவுல உக்கார வைக்கிறதுதான். ரெண்டாயிரம் ரூவா கூட, அதவிட நாள் பூரா நிக்க வேண்டாம். மொதலாளி என்னத் தனியாக் கூப்பிட்டு, நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போனா தீபாவளிக்கு முன்னால ஒன்னக் கல்லாவுல உக்கார வைக்கேன்னு சொல்லுதாரு. முன்னால கல்லாவுல இருந்த அக்கா திடீர்னு நின்னுட்டாங்க, ஏன்னு இப்பத்தான் புரியுது. பெரிய கம்பெனிக்குத்தான் சட்டமெல்லாம், எங்களுக்கு யாரு இருக்கா? (டவுன்)

பதில்: இருக்கு தாயி, உனக்கும் இருக்கு. ராஜஸ்தான்ல பட்டேரின்னு ஒரு கிராமத்துல பன்வாரி தேவின்னு ஒரு அம்மா, அரசாங்கத் திட்டத்துல சின்ன சம்பளத்துக்கு வேல பாத்தவங்க, குழந்தைக் கல்யாணத்தத் தடுக்கப் போனதுக்காக 1992ல அவங்களுக்குக் கொடுமை நடந்துச்சு. அத ஒட்டி விசாகாங்கிற அமைப்பும் மத்தவங்களும் போட்ட வழக்குலதான் 1997ல உச்ச நீதிமன்றம் வேல பாக்க எடத்துல பொம்பளைங்களுக்குப் பாதுகாப்பு வேணும்னு விதிமுறை போட்டுச்சு, அதுதான் 2013ல சட்டமாச்சு. ஏசி ரூம்ல உக்காந்திருக்கவங்களுக்காக வந்த சட்டம் இல்ல இது, உன்ன மாதிரி ஒரு கிராமத்து மனுஷி பட்ட பாட்டுல வந்த சட்டம்.

கடையில 10 பேருக்குக் கொறச்சல்னா, இல்ல புகாரே மொதலாளி மேலன்னா, மாவட்ட அளவுல உள்ளூர்ப் புகார் குழு இருக்கு. நம்ம கலெக்டர் ஆபீஸ் கொக்கிரகுளத்துல, அங்க சமூகநல அலுவலகத்துல போய்க் கேட்டா சொல்லுவாவ. அதே 3 மாசக் கெடு உனக்கும் உண்டு, அதனால அவரு எந்தத் தேதி என்ன வார்த்த சொன்னாருன்னு இன்னைக்கே ஒரு நோட்டுல எழுதி வை. உனக்கு எழுத வரலைன்னா எழுதித் தர உதவி பண்ண வேண்டியது அந்தக் குழுவோட கடமை. முன்னால நின்ன அந்த அக்கா எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா போய்ப் பாரு, ரெண்டு பேரா நின்னா பலம் வேற.

இன்னொண்ணு, நாள் பூரா நிக்க வேண்டாம்ங்கதுக்காகத்தான் கல்லா மேல ஆசைன்னு நீ எழுதியிருந்தது எனக்குத் தாங்கல. உக்கார எடம் மொதலாளி தர வரம் இல்ல தாயி. 2021ல தமிழ்நாடு கடைகள் சட்டத்தத் திருத்தி, வேல பாக்க எல்லாருக்கும் உக்கார வசதி செஞ்சு கொடுக்கணும்னு போட்டாச்சு. அவரு எத விலை பேசுதாரோ அது ஏற்கெனவே உனக்குச் சேர வேண்டியது.

வேலைய இப்பவே விட்டுராத, அடுத்த வேல பாத்துக்கிட்டே புகாரக் கொடு. தனியாக் கூப்பிட்டா, எதுன்னாலும் இங்கயே சொல்லுங்க அண்ணாச்சின்னு நாலு பேர் கேக்க மாதிரி சத்தமாச் சொல்லு. கொக்கிரகுளம் போகப் பயமா இருந்தா பத்திரிகை விலாசத்துக்கு ஒரு வரி போடு, ஒரு திங்கக்கிழமை காலையில நான் உன்கூட வாரேன்.